கோப்பையும் ‘ஹைல்’ என்ற சொல்லும்: விவாத இழை

கூழாங்கல் (இழையைத் தொடங்கியவர்)

ஸ்டுட்கார்ட் வந்து இரண்டு வருடம் ஆகிறது. போன சனிக்கிழமை அறைத்தோழி பாத்திரம் கழுவும்போது என் கோப்பையைக் கை நழுவ விட்டுவிட்டாள். நல்லவேளை, கீழே மிதியடி கிடந்தது. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஹைல் கெப்ளீபன்” என்றாள். உடையாமல் பிழைத்தது என்று அர்த்தமாம்.

எனக்கு ‘ஹைல்’ என்றாலே கறுப்பு வெள்ளைப் படத்தில் கையை நீட்டிக்கொண்டு கத்துகிற கூட்டம்தான் நினைவுக்கு வரும். அதே சொல் டீ குடிக்கிற கோப்பைக்கு எப்படி வந்தது? ராத்திரி அகராதியைப் புரட்டினால், முன்னால் நட்சத்திரக் குறியோடு *ஹைலஸ் என்று ஒரு தொல் ஜெர்மானியப் பெயரடை. பொருள்: முழுசான, சேதமில்லாத, நலமான. அதற்குக் கீழே பிள்ளைகுட்டிகள் ஒரு பட்டாளம். ஆங்கிலத்தில் மட்டுமே ‘முழு’ என்கிற ஹோல், குணமாக்கு என்கிற ஹீல், ஹெல்த், ஹோலி, ஹாலோவீன். கோப்பை, உடம்பு, கடவுள், பூசணிக்காய் எல்லாம் ஒரே வீடா? அந்த நட்சத்திரம் எதற்கு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையதாள்

நட்சத்திரத்தை முதலில் முடித்துவிடலாம். அந்த வடிவம் ஏட்டிலோ கல்லிலோ கிடைக்கவில்லை. பிள்ளைகளின் முகஜாடையைப் பார்த்துத் தாயின் முகத்தை வரைந்திருக்கிறோம் என்பதற்கான அடையாளம் அது. தொல் ஜெர்மானியம் பேசப்பட்டது ஏறத்தாழ 2000, 2500 ஆண்டுகளுக்கு முன்னால், தெற்கு ஸ்காண்டிநேவியாவிலும் அதை ஒட்டிய வட ஜெர்மனியிலும். பேசியவர்கள் எழுதி வைக்கவில்லை.

ஆனால் குத்துமதிப்பாக வரைவதில்லை. கல், வீடு, முழுசு என்று மூன்று சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அழிந்துபோன பழைய ஜெர்மானிய மொழியான கோத்திக்கில் ஸ்டைன்ஸ், ஹைம்ஸ், ஹைல்ஸ். ஜெர்மனில் ஷ்டைன், ஹைம், ஹைல். டச்சில் ஸ்டேன், ஹேம், ஹேல். பழைய ஆங்கிலத்தில் ஸ்டான், ஹாம், ஹால். இன்றைய ஆங்கிலத்தில் ஸ்டோன், ஹோம், ஹோல். ஸ்காட்லாந்துப் பேச்சில் ஸ்டேன், ஹேம், ஹேல். மூன்று சொல்லும் கைகோத்துக்கொண்டு ஒரே மாதிரி மாறுகின்றன, பார்த்தீர்களா? ஒரு சொல் ஒத்துப்போனால் தற்செயல் எனலாம். வரிசையே ஒத்துப்போனால் எல்லாவற்றுக்கும் ஆதியில் ஒரே ‘ஐ’ இருந்தது என்றுதான் கொள்ள வேண்டும்.

நாம் ‘ஹேல் அண்ட் ஹார்ட்டி’ என்கிறோமே, அந்த ஹேல் வடக்கத்தி உச்சரிப்பு. அதே சொல்லுக்குத் தெற்கில் ஹோல் என்று வாய் குவிந்துவிட்டது. ஒரே ஆள் இரண்டு ஊர்ப் பேச்சில் வந்து, அகராதியில் இரண்டு பேராக உட்கார்ந்துவிட்டார்.

ஹீல், ஹெல்த் இரண்டிலும் உயிர் வேறு மாதிரி ஒலிப்பதற்கும் காரணம் உண்டு. அவற்றின் பழைய வடிவங்களில் அடுத்த அசையில் ஓர் ‘இ’ ஒலி இருந்தது. அது முன்னால் இருந்த ஆகாரத்தைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. ஃபுட் பன்மையில் ஃபீட் ஆவதும் கூஸ் கீஸ் ஆவதும் இதே இழுப்பினால்தான்.

நெல்லைக்காரி

எங்கள் ஆச்சி பஸ் ஏற்றிவிடும்போது “பத்திரமா போ” என்று சொல்ல மாட்டாள். “முழுசா வந்து சேரு” என்பாள். கை கால் உடையாமல், எதையும் தொலைக்காமல் வா என்று அர்த்தம். முழுசு என்றால் நலம் என்பது எனக்கு ஆச்சி சொல்லிக்கொடுத்தது. ஜெர்மானியர்கள் அதையே வணக்கமாக்கிவிட்டார்கள் போல.

பழையதாள்

அப்படியேதான் அக்கா! பழைய ஆங்கிலத்தில் ஒருவரைச் சந்தித்தால் ‘வெஸ் ஹால்’, முழுசாக இரு. பேயோவுல்ஃப் காவியத்தில் நாயகன் டேனிஷ் அரசன் ஹ்ரோத்கார் முன்னால் நின்று பேச்சைத் தொடங்குவது இந்த வாழ்த்தோடுதான். வைகிங்குகள் கொண்டுவந்த நோர்ஸ் வடிவம் ‘வெஸ் ஹெய்ல்’. அதுதான் பிறகு ‘வாசெய்ல்’ ஆகி, கோப்பையைத் தூக்கிக் குடிக்கும்போது சொல்கிற வார்த்தையானது. 1130களில் மான்மவுத் ஜெஃப்ரி ஒரு கதை சொல்கிறார்: சாக்சன் பெண் ரொவீனா, பிரிட்டன் அரசன் வோர்ட்டிகெர்னிடம் பொற்கிண்ணத்தை நீட்டி ‘வெஸ் ஹெய்ல்’ என்கிறாள், அவன் ‘டிரிங்க் ஹெய்ல்’ என்று பதில் சொல்ல வேண்டும். கதை கட்டுக்கதைதான். ஆனால் அவர் காலத்தில் அந்த வாழ்த்துக்கு மவுசு இருந்தது என்பதற்கு அது சாட்சி. இங்கிலாந்தின் தென்மேற்கில் ஜனவரியில் ஆப்பிள் தோப்புக்குப் போய் மரங்களுக்கு ‘வாசெய்ல்’ சொல்லும் வழக்கம் இன்றும் உண்டு.

இரண்டு எச்சரிக்கை. ஆலங்கட்டி மழைக்கும் ஆங்கிலத்தில் ஹெய்ல் என்றுதான் பெயர், ஆனால் அது வேறு குடும்பம். ஜெர்மனில் ஹாகெல் என்பார்கள். ஓட்டைக்கு வைத்த ஹோல், ‘ஹாலோ’ என்கிற உட்குழிவின் சொந்தக்காரன். தமிழில் எழுதினால் முழுசும் ஓட்டையும் ஒரே ‘ஹோல்’ ஆகிவிடுகின்றன. மேலே நான் எழுதியதைத் தயவுசெய்து ஓட்டை என்று படித்துவிடாதீர்கள்.

சந்தேகசாமி

வாதத்துக்காகக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ‘ஐ’ வரைக்கும் ஒத்துக்கொள்கிறேன். கடைசியில் அந்த ‘அஸ்’ எங்கிருந்து முளைத்தது? கோத்திக்கில் வெறும் ‘ஸ்’. ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் அதுவும் இல்லை. இல்லாத வாலை ஒட்டவைத்துவிட்டு நட்சத்திரம் போட்டால் சரியாகிவிடுமா?

பழையதாள்

கேட்க வேண்டிய கேள்வி. இரண்டு சாட்சிகள்.

முதல் சாட்சி ஃபின்னிஷ். அது ஜெர்மானியக் குடும்பமே இல்லை. ஆனால் மிகப் பழங்காலத்தில் பக்கத்து வீட்டு ஜெர்மானியர்களிடம் சொற்களை வாங்கி, வாங்கியபடியே வைத்திருக்கிறது. அரசனுக்கு ஃபின்னிஷில் ‘குனிங்கஸ்’, வளையத்துக்கு ‘ரெங்கஸ்’. ஆங்கிலத்தில் இவை கிங், ரிங் என்று தேய்ந்துவிட்டன. ஜெர்மனில் கோனிஷ், ரிங். வால் அறுந்தது சொந்தப் பிள்ளைகளிடம், பத்திரமாக இருப்பது கடன் வாங்கியவனிடம்.

இரண்டாவது சாட்சி டென்மார்க்கில் கல்லெஹூஸ் என்ற ஊரில் 1734இல் கிடைத்த தங்கக் கொம்பு. கி.பி. 400ஐ ஒட்டியது. விளிம்பில் ஜெர்மானியர்களின் பழைய எழுத்தான ரூனில் ஒரு வரி: ‘எக் ஹ்லேவகஸ்டிஸ் ஹோல்ட்டியஸ் ஹோர்ன தவிதோ’. இன்னார் ஆகிய நான் கொம்பைச் செய்தேன் என்று பொருள். பெயரிலும் அடைமொழியிலும் அந்த வால் தெளிவாக இருக்கிறது. 1802இல் ஒரு திருடன் கொம்பைத் தூக்கிப் போய் உருக்கிவிட்டான். அதற்கு முன்பே படம் வரைந்து வைத்திருந்ததால் எழுத்து தப்பித்தது.

நோர்ஸ் ‘ஹெய்ல்’லில் இரட்டை ‘ல்’ எழுதுவார்கள். இரண்டாவது ‘ல்’ அந்த வால்தான்: முதலில் ‘ர்’ ஆகி, பிறகு பக்கத்து ‘ல்’லுக்குள் கரைந்துவிட்டது.

சந்தேகசாமி

கொம்பை ஏற்றுக்கொள்கிறேன். திருடனைத்தான் மன்னிக்க முடியவில்லை.

கணக்குப்பிள்ளை

கிரேக்கத்தில் முழுமைக்கு ‘ஹோலோஸ்’ என்று ஒரு சொல் உண்டே, ஹோலோகிராம் எல்லாம் அதிலிருந்துதானே வந்தது? ஆங்கில ஹோல் அங்கிருந்து வந்ததாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

ஆனிமழை

ஒலியும் பொருளும் இவ்வளவு ஒத்துப்போயும் உறவே இல்லாத ஜோடி அது. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம்.

ஜெர்மானிய ‘ஹ’ பழைய ‘க’விலிருந்து வந்தது. லத்தீனில் இதயம் ‘கோர்’, ஆங்கிலத்தில் ஹார்ட். லத்தீனில் கொம்பு ‘கோர்னு’, ஆங்கிலத்தில் ஹார்ன். நூறு ‘கென்டும்’, ஹண்ட்ரட். டேனிஷ்காரர் ராஸ்க் 1818இல் கவனித்து எழுத, யாக்கப் கிரிம் 1822இல் அதை விதியாக வகுத்தார். ஆக *ஹைலஸுக்கும் முன்னால் ‘கைல்’ என்பது போன்ற ஒரு வடிவம் இருந்திருக்க வேண்டும்.

கிரேக்க ‘ஹ’வின் பூர்வீகம் வேறு. அது பழைய ‘ச’. ஏழுக்கு லத்தீனில் ‘செப்டெம்’, வடமொழியில் ‘சப்த’, கிரேக்கத்தில் ‘ஹெப்ட’. இந்தக் கணக்கில் ஹோலோஸின் உடன்பிறப்பு யார் தெரியுமா? நம் ‘சர்வ’. சர்வம், சர்வாதிகாரி, சர்வே என்று தினமும்... மன்னிக்கவும், சர்வே இல்லை, அது பிரெஞ்சு வழி வந்தது. வேதத்தில் சர்வ என்றால் முதலில் ‘முழுமையான, குறையாத’. ‘எல்லாம்’ என்பதற்கு அங்கே ‘விஸ்வ’. பிறகுதான் சர்வ அந்த இடத்தையும் பிடித்துக்கொண்டது. பாரசீகத்துக்குப் போனால் அதுவே ‘ஹர்’. இந்தியில் ‘ஹர் ஏக்’ என்கிறார்களே, அந்த ஹர்.

இனிமேல்தான் விஷயம். லத்தீனில் இதே வேரிலிருந்து ‘சல்வுஸ்’: சேதமில்லாத, பத்திரமான. ஆங்கில சேஃப் அதன் பேரன். ‘சலூஸ்’ என்றால் உடல்நலம். ரோமர்களின் வணக்கம் ‘சல்வே’, நலமாக இரு. பழைய பாரசீகர்களின் வேதமான அவெஸ்தாவில் ‘ஹௌர்வதாத்’ என்றால் முழுமை, ஆரோக்கியம். அதை ஒரு தெய்வ சக்தியாகவே பாரசீகர்கள் வழிபட்டார்கள். ஜெர்மானிய வேர் ஒரு பக்கம், இந்த வேர் இன்னொரு பக்கம். இரண்டும் தனித்தனியாக நடந்து, முழுசு, நலம், வணக்கம் என்ற அதே மூன்று ஊர்களில் தங்கிப் போயிருக்கின்றன. நெல்லைக்காரியின் ஆச்சி மூன்றாவது ஆள்.

ஹோலில் டபிள்யூ எழுத்து எதற்கு என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். அது பூர்வீகம் இல்லை, 15ஆம் நூற்றாண்டு வாக்கில் எழுத்தில் ஒட்டிக்கொண்டது. சில வட்டாரங்களில் ஓகாரத்துக்கு முன் ‘வ’ ஒலி சேர்ந்தது. ஒன்றை இன்று ‘வன்’ என்று சொல்வது அந்த வழக்கத்தின் மிச்சம். ஹோலில் ஒலி நிற்கவில்லை, எழுத்து மட்டும் நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் அதற்காக நான் வாங்கிய பிரம்படி தனிக் கணக்கு.

அடிவேர்

கைல், கல்ய, கல்யாணம்! நலம், மங்கலம். எல்லாம் ஒன்றே. யாரும் கவனிக்கவில்லையா?

ஆனிமழை

பலரும் கவனித்திருக்கிறார்கள். கல்யாண என்பதோடு வழக்கமாகச் சேர்த்துப் பேசுவது ‘அழகிய’ என்று பொருள்படும் கிரேக்க ‘கலோஸ்’. *ஹைலஸுக்கு வேண்டிய ‘ஐ’ அதில் இல்லை. பழையதாள் மேலே போட்ட வரிசையில் கல்யாணத்தை உட்கார வைத்துப் பாருங்கள், இடம் இருக்காது.

மெழுகுவர்த்தி

எங்கள் தேவாலயத்தில் ஒரு பிரசங்கத்தில் கேட்டது: ஆங்கிலத்தில் ஹோலியும் ஹோலும் ஒரே வேர், ஆகவே பரிசுத்தம் என்றால் முழுமை. யோகா வகுப்பு விளம்பரத்திலும் இதே வரியைப் பார்த்தேன். வேர் ஒன்றுதான் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் பிரசங்கம் சரிதானே?

பழையதாள்

வேர் ஒன்று என்பது சரி. ‘ஆகவே’ என்பதில்தான் எனக்குச் சிக்கல்.

*ஹைலஸிலிருந்து நேராக ‘புனிதம்’ வந்துவிடவில்லை. நடுவே ஒரு பொருள் இருக்கிறது, அதைப் பிரசங்கம் தாண்டிப் போய்விடுகிறது: சகுனம். பழைய நோர்ஸில் ‘ஹெய்ல்’ என்ற பெயர்ச்சொல்லுக்கு நற்சகுனம், அதிர்ஷ்டம் என்று பொருள். பழைய ஜெர்மனில் ‘ஹைலிசோன்’ என்றால் சகுனம் பார்ப்பது. பழைய ஆங்கிலத்தில் ‘ஹால்சியன்’ என்றால் சகுனம் பார்ப்பது, ஆணையிட்டு வேண்டுவது. வெல்ஷ் மொழியின் ‘கோய்ல்’ என்ற சொல்லையும் பலர் இந்தக் குடும்பத்தில் சேர்ப்பார்கள். அதற்கும் சகுனம், நம்பிக்கை என்றுதான் பொருள். ஆக ‘ஹைலக’ என்ற புதுப் பெயரடை பிறந்தபோது ‘முழுமையானது’ என்று சொல்ல வந்ததா, ‘நற்பேறு நிறைந்தது’ என்றா, ‘யாரும் தொட்டுக் குறைக்கக் கூடாதது’ என்றா? பெரிய அகராதிகளே ஒரு பக்கமாகச் சாய்வதில்லை. என் சாய்வு நற்பேறு பக்கம்.

இதற்கு ஒரு அழகான சாட்சி உண்டு. 4ஆம் நூற்றாண்டில் பிஷப் உல்ஃபிலா பைபிளைக் கோத்திக்கில் மொழிபெயர்த்தார். ஊதாத் தோலில் வெள்ளி மையால் எழுதிய பிரதி இன்று ஸ்வீடனில் உப்சாலாவில் இருக்கிறது. லூக்கா 5:31இல், மருத்துவர் தேவையில்லாத சுகமுள்ளவர்களை அவர் ‘ஹைலை’ என்கிறார், நோயாளிகளை ‘உன்ஹைலன்ஸ்’ என்கிறார். உடல்நலத்துக்கு இந்தச் சொல்லைத் தாராளமாக எடுத்தவர், பரிசுத்தம் என்று வரும்போது இதைத் தொடவில்லை. ‘வைஹ்ஸ்’ என்ற வேறு சொல்லுக்குப் போய்விட்டார்.

கோத்திக்கில் அப்படி ஒரு சொல்லே இல்லாமல் இல்லை. 1837இல் ருமேனியாவின் பியெத்ரோசாவில் கிடைத்த தங்கக் கழுத்து வளையத்தில் ரூன் எழுத்தில் ‘ஹைலக்’ என்று அப்பட்டமாக இருக்கிறது. பலர் அதை பழைய தெய்வங்களுக்கான காணிக்கையாகக் கருதுகிறார்கள். அந்தப் பழைய வழிபாட்டு வாடைக்காகவே உல்ஃபிலா சொல்லை ஒதுக்கியிருக்கலாம். இங்கேயும் திருடன் உண்டு, சந்தேகசாமி. 1875இல் புக்கரெஸ்ட் அருங்காட்சியகத்திலிருந்து திருட்டுப் போய், ஒரு தட்டான் கையில் துண்டாகி, வெட்டு சரியாக ஓர் எழுத்தின் மேலேயே விழுந்தது. அந்த எழுத்து என்ன என்று இன்னும் சண்டை நடக்கிறது.

பிறகு வந்த ஆங்கில, ஜெர்மன் கிறிஸ்தவம் இந்தச் சொல்லைக் கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டது: ஹாலிக், ஹைலிக். ‘வைஹ்ஸ்’ஸின் சொந்தம் ஜெர்மனில் கிறிஸ்துமஸின் பெயரான ‘வைநாஹ்டன்’ போன்ற சொற்களில் ஒளிந்துகொண்டிருக்கிறது.

மெழுகுவர்த்தி

பரவாயில்லை, பிரசங்கியாரிடம் சொல்லப் போவதில்லை. மனிதர் அன்றைக்கு நன்றாகப் பேசினார்.

நெல்லைக்காரி

ஹாலோவீன்?

பழையதாள்

நவம்பர் 1 சகல புனிதர் திருநாள். ஹாலோ என்றால் புனிதர், அதற்கு முந்தின மாலை ஹாலோவீன். ஹாலிபட் மீனும் இதே வீடுதான்: புனித நாட்களில் இறைச்சி தவிர்த்துச் சாப்பிட்ட தட்டை மீன்.

சிவப்புமுனை

சின்ன வயதில் மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் படித்து வளர்ந்தவன். அவற்றில் பக்கத்துக்குப் பக்கம் ஓல்கா வருவாள். இந்த இழையைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது, அவளும் இங்கே பிறந்தவள். நோர்ஸ் ஹெல்கா, ‘ஹைலக’ வழி வந்த பெயர். வைகிங்குகளோடு கியெவ் போய் ஓல்கா ஆனாள். 10ஆம் நூற்றாண்டு கியெவ் அரசி ஓல்காவை பைசாந்தியர்கள் ‘எல்கா’ என்றே எழுதியிருக்கிறார்கள். ஓலெக் அவளுடைய ஆண்பால்.

ரஷ்ய மொழிக்குச் சொந்தமாகவும் ஒரு கிளை உண்டு. ‘த்செலி’ என்றால் முழுசு. அதிலிருந்து ‘த்செலவாத்’, முத்தமிடுதல். முதலில் நலமாக இரு என்று வாழ்த்துவதாக இருந்தது, போகப் போக வாழ்த்தும் முறையே சொல்லுக்குப் பொருளாகிவிட்டது.

கூழாங்கல்

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. இங்கிருந்து கொஞ்சம். முழு என்பதற்கு இன்றைய ஜெர்மனில் ‘கன்ட்ஸ்’ என்ற வேறு சொல் வந்துவிட்டது. ஹைல் இப்போது உடையாத கோப்பைக்கும் ஆறிப்போன காயத்துக்கும்தான். ‘உன்ஹைல்’ என்றால் பெரும் கேடு. ‘ஹைல்ஃப்ரோ’ என்றால் அப்பாடா என்று மகிழ்வது. டச்சுக்காரர்கள் ஒரு படி மேலே போய், ‘ஹேல் மோய்’ என்றால் ரொம்ப அழகு. முழுசு கடைசியில் ‘ரொம்ப’ ஆகிவிட்டது.

அந்த வணக்கம் பற்றியும் தோழியிடம் கேட்டேன். 19ஆம் நூற்றாண்டிலேயே உடற்பயிற்சிச் சங்கங்களில் ‘கூட் ஹைல்’ என்பார்களாம். நாஜிகள் எடுத்துக்கொண்ட வாழ்த்து இன்று குற்றவியல் சட்டம் 86அ பிரிவின்படி தண்டனைக்குரியது. ஆனால் தூண்டில் போடுகிறவர்கள் ஏரிக்கரையில் ஒருவருக்கொருவர் ‘பெட்ரி ஹைல்’ என்று இன்றும் சொல்கிறார்கள். மீனவர் பேதுருவின் பெயரால் நல்ல வேட்டை அமையட்டும் என்று அர்த்தம். தோழியின் அப்பா அந்த ரகமாம். பழையதாள் சொன்ன அதிர்ஷ்டப் பொருள் அங்கே அப்படியே உட்கார்ந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

ஆனிமழை

‘க’வோடு இருந்த வடிவத்துக்கு ஒரு சாட்சியும் காட்டாமல் விட்டுவிட்டேன். பால்டிக் கரையில் பேசப்பட்டு 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழிந்துபோன மொழி பழைய பிரஷ்யன். அதில் ‘கைல்ஸ்’ என்றால் நலம், குடிக்கும்போது சொல்லும் வாழ்த்து. ஒருவர் ‘கைல்ஸ்’ என்றால் மற்றவர் ‘பட்ஸ் கைல்ஸ்’, உனக்கும் அப்படியே.

பால்டிக் மொழிகளில் இதுவரை கிடைத்த மிகப் பழைய எழுத்தே இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. பாசெல் பல்கலைக்கழக நூலகத்தில், 1369ஆம் ஆண்டு லத்தீன் கையெழுத்துப் பிரதி ஒன்றின் ஓரத்தில் யாரோ கிறுக்கிய இரண்டு வரி. 1974இல்தான் கண்ணில் பட்டது. ‘கைலே ரெகிஸெ’ என்று ஆரம்பம். ஏறத்தாழ இப்படிப் பொருள் சொல்வார்கள்: வாழ்க ஐயா! குடிக்க மட்டும் ஆசை, காசு கொடுக்க மனமில்லை என்றால் நீ நல்ல கூட்டாளி இல்லை.

நெல்லைக்காரி

எங்கள் அலுவலகத்தில் இந்த ஆளை எனக்குத் தெரியும்.